வீட்டில் எல்லாருக்கும் 'ஐடி சப்போர்ட்' நீங்கள்தானா? உதவும்போது கவனிக்கவேண்டியவை

"தம்பி, கம்ப்யூட்டர் ஏதோ சொல்லுது. கொஞ்சம் வந்து பாரேன்."

"பிரிண்டர் வேலை செய்யல. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஃபோனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கு, என்ன பண்ணணும்?"

'கொஞ்சம் கணினி தெரிந்த பிள்ளை' என்று குடும்பத்தில் ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால் போதும். அத்தை, மாமா, பக்கத்து வீட்டுப் பாட்டி, பள்ளி நண்பர் என்று எல்லாரும் அழைப்பார்கள். நீங்கள் படித்தது கணினித் துறையா கணக்கியலா என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

உதவுவது நல்லதுதான். ஆனால் எப்படி உதவுகிறோம் என்பதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

மோசடிக்காரர்கள் பேசுவதும் இப்படித்தான்

சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு சுமார் 51,500 மோசடிச் சம்பவங்கள் பதிவாயின. இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட சம்பவங்களில் யாரும் கணக்கை உடைத்துத் திருடவில்லை. பாதிக்கப்பட்டவர்களே நம்பிப் பணத்தை அனுப்பினார்கள்.

தொழில்நுட்ப உதவி என்ற பெயரில் நடக்கும் மோசடியில் வழக்கமாக 3 விஷயங்களைச் சொல்வார்கள்:

- "இந்தச் செயலியைப் பதிவிறக்கம் செய்யுங்க."
- "திரையில வர்ற நம்பரைச் சொல்லுங்க."
- "நான் பாத்துக்கறேன், நீங்க எதையும் தொடாதீங்க."

எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? அவசரத்தில் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் சொல்வதும் இதுதான்.

ஒருவர் வந்து ஏதோ சொல்வார், நம்பரைக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று பெரியவர்கள் பழகிவிட்டால் ஆபத்து. அடுத்த முறை முன்பின் தெரியாதவர் அழைத்து அதையே சொன்னாலும் வித்தியாசம் தெரியாது. ஆகவே, கோளாறைச் சரிசெய்வதோடு நம் வேலை முடிவதில்லை. சாதனம் யாருடையதோ, கட்டுப்பாடும் அவர் கையிலேயே இருக்கும்படி உதவவேண்டும்.

முதலில் கேட்கவேண்டிய 3 கேள்விகள்

1. திரையில் என்ன எழுதியிருக்கிறது? "ஏதோ எரர்" என்பது போதாது. அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

2. கடைசியாக என்ன மாறியது? புதிய ரவுட்டர், புதிய செயலி, மென்பொருள் மேம்பாடு என ஏதாவது ஒன்று இருக்கும்.

3. யாராவது அழைத்தார்களா? ஏதாவது இணைப்பைத் தட்டினீர்களா?

மூன்றாவது கேள்விதான் ஆக முக்கியம். அதைக் கோபப்படாமல் கேளுங்கள். "ஏன் இதையெல்லாம் கிளிக் பண்றீங்க?" என்று ஒருமுறை சத்தம் போட்டால், அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள். மோசடியில் முதல் சில நிமிடங்கள் மிகவும் முக்கியம். பயந்துகொண்டு மறைத்தால் அந்த நேரம் வீணாகும்.

அடிக்கடி வரும் கோளாறுகள்: எளிய தீர்வுகள்

கணினி மெதுவாக இருக்கிறதா?

"தினமும் ஆஃப் பண்றேனே" என்பார்கள். விண்டோஸ் கணினிகளில் 'ஷட் டவுன்' செய்வதும் 'ரீஸ்டார்ட்' செய்வதும் ஒன்றல்ல. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' எனும் வசதி இயங்கும்போது, கணினியை மூடினாலும் இயங்குதளத்தின் ஒரு பகுதி அப்படியே சேமித்துவைக்கப்படும். மறுபடி திறக்கும்போது பழைய நிலையே திரும்பிவரும். 'ரீஸ்டார்ட்' செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பல சின்னச் சின்னக் கோளாறுகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்து 'டாஸ்க் மேனேஜர்'. கணினி திறந்தவுடன் தானாக இயங்கத் தொடங்கும் செயலிகளின் பட்டியல் அதில் இருக்கும். தேவையில்லாதவற்றை நிறுத்திவிடலாம். சேமிப்பு இடம் நிரம்பிவிட்டதா என்றும் பாருங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் இருந்தால், அதை எஸ்எஸ்டியாக மாற்றுவது பெரிய வித்தியாசத்தைத் தரும்.

வைஃபை கிடைக்கவில்லையா?

ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் 'பாம் ஷெல்ட்டர்' என்று நாம் சொல்லும் பாதுகாப்பு அறை இருக்கும். அதன் தடித்த கான்கிரீட் சுவர்களைத் தாண்டி வைஃபை செல்வது கடினம். ரவுட்டர் அந்த அறைக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ இருந்தால், வெளியே எடுத்து உயரமான இடத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது. ஆனால் சுவரைத் தாண்டி அதிகத் தூரம் செல்வது 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.

பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்கிறதா?

பிரிண்டரும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? விருந்தினர்களுக்கான வைஃபையில் ஒன்று மாட்டிக்கொண்டால், ஒன்றையொன்று அடையாளம் காணாமல் போகலாம். ரவுட்டர் மாற்றிய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

'உங்கள் கணினியில் வைரஸ்!' என்று திரை அலறினால்?

திரை முழுவதும் சிவப்பு எச்சரிக்கை, காதைக் கிழிக்கும் சத்தம், கீழே ஒரு தொலைபேசி எண். பெரியவர்களை நடுங்கவைக்க இது போதும்.

பெரும்பாலும் அது வெறும் இணையப்பக்கம்தான். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்: எண் இருந்தால் பொய்.

செய்யவேண்டியது:

- அந்த எண்ணை அழைக்கக்கூடாது.
- 'எஸ்கேப்' பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வரலாம்.
- அதற்கும் அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'டாஸ்க் மேனேஜர்' வழியாக உலாவியை மூடலாம். மேக் கணினியில் ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப்.
- மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

தூரத்திலிருந்து உதவலாமா?

உதலாம். அத்தை ஈசூனில் இருக்கிறார், நீங்கள் ஜூரோங்கில் இருக்கிறீர்கள் என்றால் ஒவ்வொரு முறையும் நேரில் போவது கஷ்டம்தான். விண்டோஸில் 'குவிக் அசிஸ்ட்' எனும் வசதி உண்டு. உதவுபவர் ஒரு குறியீட்டைப் பெற்று, உதவி கேட்டவரிடம் சொல்லவேண்டும். அவர் அதைப் பதிந்து அனுமதி கொடுத்தால் திரை தெரியும். வாட்ஸ்அப் காணொளி அழைப்பிலும் திரையைப் பகிர முடியும்.

ஆனால் மோசடிக்காரர்களும் இதே வசதிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். திரையைப் பகிரும்போது வரும் குறுஞ்செய்தியும் அதிலுள்ள ஒருமுறை பயன்படுத்தும் மறைச்சொல்லும் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியும்.

எனவே வீட்டில் சில விதிகளை வைத்துக்கொள்ளலாம்:

- உதவி கேட்பவர்தான் முதலில் அழைக்கவேண்டும். தானாக வரும் 'உதவி' அழைப்பை ஏற்கவேண்டாம். உங்கள் குரலில் அழைப்பு வந்தாலும் சரி, அழைப்பைத் துண்டித்துவிட்டுச் சேமித்துவைத்த எண்ணில் திரும்ப அழைக்கச் சொல்லுங்கள்.
- திரை பகிரப்படும்போது வங்கிச் செயலியையோ சிங்பாஸையோ திறக்கவேண்டாம். நீங்கள் உதவினாலும் இதே விதிதான்.
- கட்டுப்பாட்டை முழுவதும் எடுத்துக்கொள்வதைவிட, "மேல வலது பக்கம் மூணு புள்ளி தெரியுதா? அதைத் தட்டுங்க" என்று சொல்லிச் செய்யவையுங்கள். நேரம் எடுக்கும். ஆனால் அடுத்த முறை அவரே செய்துகொள்வார்.
- வேலை முடிந்ததும் தொலைக் கட்டுப்பாட்டுச் செயலி எதையும் கணினியில் விட்டுவைக்காதீர்கள்.

மறைச்சொல்லை நீங்கள் வைத்துக்கொள்ளலாமா?

"நீயே வச்சுக்கோப்பா, எனக்கு மறந்துடும்" என்பார்கள். மறுப்பது சங்கடம்தான். ஆனாலும் மறுப்பதே நல்லது. நாளைக்கு ஏதாவது நடந்தால் இருவருக்குமே சிக்கல்.

வேறு வழி இருக்கிறது. ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் அவரே எழுதி, வீட்டில் பத்திரமாக வைக்கலாம். எல்லாக் கணக்குக்கும் ஒரே மறைச்சொல்லைப் பயன்படுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். தொழில்நுட்பம் பழகியவர் என்றால் மறைச்சொற்களைச் சேமிக்கும் செயலியை அமைத்துக்கொடுங்கள்.

மின்னஞ்சலையும் வாட்ஸ்அப்பையும் இரண்டு படி உறுதிப்பாட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் பின் எண் அமைத்துவிட்டால், குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண் கைமாறினாலும் கணக்கைக் கைப்பற்றுவது கடினம். அந்தப் பின் எண்ணையும் யாரிடமும் சொல்லக்கூடாது.

வங்கிச் சேமிப்பு பற்றிப் பேச்சு வந்தால் பணத்தைப் பூட்டிவைக்கும் வசதியைக் காட்டுங்கள். டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி வங்கிகள் 2023 நவம்பரில் அதை அறிமுகப்படுத்தின. பூட்டிய தொகையை இணையம் வழி வேறு கணக்குக்கு மாற்ற முடியாது.

விண்டோஸ் 10 இன்னும் வீட்டில் இருக்கிறதா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. கணினி வழக்கம்போல் வேலை செய்யும். அதனால்தான் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் மேம்பாடுகள் தானாக வராது.

என்ன செய்யலாம்?

- கணினி ஏற்றுக்கொண்டால் இலவசமாக விண்டோஸ் 11க்கு மாறலாம். அதற்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு தேவை. பொதுவாக, 2018க்கு முன்பு வாங்கிய பல கணினிகள் இந்தத் தகுதியில் தேறுவதில்லை.
- கூடுதல் பாதுகாப்பு மேம்பாடுகளுக்குப் பதிந்துகொள்ளலாம். தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் அறிவித்த திட்டம் 2026 அக்டோபர் 13 வரை.
- இணையம், மின்னஞ்சல், யூடியூப் மட்டும் போதும் என்றால் லினக்ஸ் மின்ட் அல்லது குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் போட்டுக்கொடுக்கலாம். ஆனால் உரியவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். திரை திடீரென்று வேறு மாதிரி தெரிந்தால் தடுமாறிப்போவார்கள். பிறகு தினமும் உங்களுக்குத்தான் அழைப்பு வரும்.

எதைத் தொடங்கும் முன்பும் படங்களையும் ஆவணங்களையும் நகல் எடுத்துவிடுங்கள். 3 நகல்கள், 2 வகைச் சேமிப்பு, அதில் 1 வீட்டுக்கு வெளியே என்பது எளிய கணக்கு. கணினி, வெளிச் சேமிப்புக் கருவி, மேகச் சேமிப்பு மூன்றும் இருந்தால் கணக்கு சரியாகிவிடும். கணினி போனால் வேறு வாங்கலாம். பாட்டியின் திருமணப் படங்களை வாங்க முடியாது.

பழைய கணினியைக் கொடுக்கப்போகிறீர்களா? தரவை முழுமையாக அழித்துவிட்டு மின்கழிவுத் தொட்டியில் சேருங்கள். மின்கழிவைச் சேகரிக்கும் திட்டம் 2021 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. பெரிய மேசைக்கணினி என்றால் அந்தத் தொட்டி அதை ஏற்குமா என்று முதலில் பாருங்கள்.

ஏமாந்துவிட்டார்கள் என்று தெரிந்தால்?

வரிசையாகச் செய்யவேண்டியவை:

1. இணையத்தைத் துண்டியுங்கள். கைத்தொலைபேசி என்றால் விமானப் பயண முறைக்கு மாற்றுங்கள். கணினி என்றால் வைஃபையை அணையுங்கள்.
2. வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.
3. பாதுகாப்பான வேறு சாதனத்திலிருந்து மறைச்சொற்களை மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், மற்றவை பிறகு.
4. காவல்துறையிடம் புகார் கொடுங்கள். குறுஞ்செய்திகள், எண்கள், திரைப் படங்களை அழித்துவிடாதீர்கள்.
5. சாதனத்தை முழுமையாக அழித்து மீண்டும் அமைக்கும்வரை அதில் வங்கிச் சேவையைப் பயன்படுத்தவேண்டாம்.

"இது மோசடியா இல்லையா?" என்று சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். ஸ்கேம்ஷீல்டு செயலியிலும் எண்களையும் இணைப்புகளையும் சரிபார்க்கலாம்.

எல்லாவற்றையும் நீங்களே செய்யவேண்டுமா?

தேவையில்லை. மூத்தோருக்கு மின்னிலக்கத் திறன்களைக் கற்றுக்கொடுக்க எஸ்ஜி டிஜிட்டல் சமூக மையங்கள் இருக்கின்றன. சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் நேரடியாகச் சொல்லித்தருவார்கள். முதல் முறை நீங்கள் கூடவே போனால் அவர்களுக்குத் தைரியம் வரும்.

உங்களுக்குத் தெரியாத கோளாறு என்றால் "எனக்குத் தெரியல அத்தை, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்வதில் தப்பே இல்லை. அதைப் பார்த்துப் பெரியவர்களும் ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள்: தெரியாததை உடனே செய்யவேண்டியதில்லை, நிதானமாக விசாரித்துவிட்டுச் செய்யலாம். அவசரப்படுத்தும் அழைப்பு ஒன்று வரும் நாளில் அந்தப் பழக்கம் அவர்களுக்குக் கைகொடுக்கும்.