சிக்கிமுக்கிக் கல்லும் துப்பாக்கியும்: ஒரு கைவினையின் சமூக வரலாறு

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் புதுக்கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒன்று தோன்றியதும் அதற்கு முந்தியது மறைந்து விடுகிறது என்ற எண்ணத்தை அத்தகைய எழுத்துக்கள் வளர்த்து விடுகின்றன. ஆயின், பழைய கருவி எங்கு, யாருடைய நலன் கருதி, எவ்வளவு காலம் நிலைநிறுத்தப்பட்டது என்பதும் வரலாற்றாசிரியர் எழுப்ப வேண்டிய வினாவாகும். பதினேழாம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியப் படைகளின் துப்பாக்கிகளுக்குத் தீ மூட்டிய சிக்கிமுக்கிக் கல்லை இவ்வகையில் நாம் நோக்கலாம்.

1

நல்ல கல் எது? முதலில் இதனைப் பொறிமுறை அடிப்படையில் விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். இத்துப்பாக்கியின் குதிரை இரு அலகுகளிடையே கல்லைக் கவ்வியிருக்கும். விசையை இழுத்ததும் குதிரை முன்னோக்கிப் பாய, கல்லின் விளிம்பு எதிரேயுள்ள உருக்குத் தகட்டைச் சுரண்டும். தகடு பின்சாய்ந்து கிண்ணத்திலுள்ள வெடிமருந்தைத் திறந்துவிட, பொறி அதில் விழும். எரிவது கல்லன்று, கல்லினாற் செதுக்கப்பட்ட உருக்கின் நுண்துகள்களே காற்றில் எரிகின்றன. எனவே உருக்கைச் செதுக்கும் கடினமும் கூர்மையும் கல்லுக்கு இன்றியமையாதன.

இதிலிருந்தே தெரிவின் விதிகள் பிறக்கின்றன. கல் நுண்ணிய, ஒரேசீரான மணிகளைக் கொண்டிருத்தல் வேண்டும். வெண்ணிறச் சோக்குப் புள்ளிகளோ மயிரிழை வெடிப்புகளோ உள்ள கல் சில அடிகளிலேயே சிதறிவிடும். விளிம்பு நேராகவும் தகட்டுக்கு இணையாகவும் அமைதல் வேண்டும். அகலம் தகட்டின் அகலத்தை ஒட்டியிருத்தல் நன்று. மிகுந்தால் குழலின் பக்கத்தில் மோதும், குறைந்தால் பொறி குறையும். குதிரை பாதி இழுபட்ட நிலையில் கல்லின் முனை தகட்டைத் தொடாது, அதே வேளை அதற்கு மிக அண்மையில் நிற்றல் வேண்டும். வழுக்காதிருக்க ஈயத் தகட்டாலோ தோல் துண்டாலோ சுற்றியே கல் பொருத்தப்பட்டது. றைபிள் எனப்படும் சுரிகுழல் துப்பாக்கியின் பொறி பெரும்பாலும் படைவீரரின் மஸ்கட்டினுடையதைவிடச் சிறியது. மஸ்கட்டுக்குரிய பெருங்கல்லை அதில் இட்டால் தகட்டை மூடவும் இயலாது போகலாம். ஆகவே கைத்துப்பாக்கி, குறுந்துப்பாக்கி, மஸ்கட் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவுகளிற் கற்கள் வெட்டப்பட்டன.

நிறம் மட்டும் தரத்தின் அளவுகோலாகாது. பிரான்சின் பெரி, சேர் ஆற்றுப் பகுதிகளிலிருந்து வந்த கற்கள் தேன் நிறத்தன. இங்கிலாந்தின் கற்கள் கருநிறத்தன. இரண்டும் போர்க்களங்களிற் பயன்பட்டன. பிரெஞ்சுத் தொழிலாளர் கல்லிலிருந்து நீண்ட அலகுகளை உரித்து அவற்றைத் துண்டாக்கும் முறையைக் கையாண்டனர். கனிமவியலாளர் தொலோமியே 1797இல் இக்கைவினையை விவரித்து எழுதினார். இங்கிலாந்திலும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்லைச் சில்லுகளாக உடைக்கும் பழைய முறையை அலகு முறை விலக்கிற்று.

2

இங்கிலாந்தில் இத்தொழிலின் மையமாக விளங்கியது சபக் மாவட்டத்தின் பிரான்டன் என்னும் சிற்றூராகும். அங்கு சோக்குப் பாறையினுள் ஒடுங்கிய குழி தோண்டி, மெழுகுதிரி வெளிச்சத்தில் கல் எடுக்கப்பட்டது. மேலே பட்டறையில் ஒருவர் பெருங்கல்லை மடியில் வைத்துப் பிளப்பார். அடுத்து அலகு உரிக்கப்படும். இறுதியில் மரக்கட்டையிற் பதித்த இரும்பு முளையில் வைத்து அலகு துண்டாக்கப்படும். கல் எங்கு பிளக்கும் என்பதை அடியின் ஒலியாலும் கைப்பழக்கத்தாலும் அறிந்தவர் இத்தொழிலாளர். நூல்களில் எழுதப்படாத அறிவு அது.

அவ்வறிவின் விலை அவர்களது நுரையீரலாகும். மூடிய பட்டறையில் எழுந்த சிலிக்காத் தூசு அவர்களை இளவயதிலேயே மாய்த்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தானிய மருத்துவர் தொழில்சார் நுரையீரல் நோய்களை ஆராய்ந்தபோது பிரான்டன் தொழிலாளரும் கொடிய சான்றாக எடுத்துக்காட்டப்பட்டனர். படைவீரனுக்கு நல்ல கல்லாக அமைந்தது, அதனை ஆக்கியவனுக்கு நஞ்சாயிற்று.

பிரான்டனுக்குச் சில மைல் தொலைவில் கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்னும் புதிய கற்காலச் சுரங்கங்கள் உள. 1868-1870இல் அங்கு அகழ்வு நிகழ்ந்தபின், பிரான்டன் தொழிலாளர் கற்கால மாந்தரின் நேர்வழித்தோன்றல் என்ற கருத்துப் பரவிற்று. தொன்மைப் பெருமை பேசும் இப்போக்கு நமக்கும் புதியதன்று. ஆனால் இரண்டையும் இணைக்கும் இடையறாத தொடர்ச்சிக்குச் சான்றில்லை. பிரான்டன் தொழிலைப் பெருக்கியது மரபன்று. பிரான்சுடனான 1793-1815 காலப் போர்களில் பிரித்தானிய அரசு இட்ட கட்டளைகளே. 1815இல் சமாதானம் வந்ததும் அக்கட்டளைகள் நின்றன, தொழில் நலிந்தது. பழமை பற்றிய கதை இப்பொருளியல் உண்மையை மறைக்க உதவியது.

3

1807இல் போசித் பாதிரியார் அதிர்வால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு தீமூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1840கள் அளவில் பிரித்தானியப் படையும் அம்முறைக்கு மாறிற்று. கல் அத்துடன் மறைந்திருத்தல் வேண்டும். எனினும் பிரான்டன் பட்டறைகள் இருபதாம் நூற்றாண்டிலும் இயங்கின. சந்தை ஆபிரிக்காவாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பேர்மிங்ஹாமிற் செய்த துப்பாக்கிகள் மேற்காபிரிக்காவில் அடிமை வணிகத்தின் மாற்றுப் பண்டங்களுள் ஒன்றாயின. பின்னர் 1890இல் பிரசெல்ஸ் மாநாட்டின் பொதுச்சட்டம், அடிமை வணிகத்தை ஒடுக்குவது என்ற பெயரில், வட அகலக்கோடு 20 பாகைக்கும் தென் அகலக்கோடு 22 பாகைக்கும் இடைப்பட்ட ஆபிரிக்கப் பகுதிகளுக்குச் சுரிகுழல் துப்பாக்கிகளும் மேம்பட்ட படைக்கலங்களும் செல்வதைத் தடைசெய்தது. சுரியற்ற சிக்கிமுக்கித் துப்பாக்கிகளுக்கோ கட்டுப்பாட்டுடன் இடமளித்தது. நவீன துப்பாக்கியைத் தமது படைகளுக்கு ஒதுக்கிக்கொண்ட வல்லரசுகள், கல்லை ஆபிரிக்கருக்கு விட்டுவைத்தன. அடிமை வணிகம் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கண்டத்தைப் பங்குபோட்டுக் கொண்டிருந்தவர்களே இத்தடையை விதித்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வாறு சட்டத்தினால் நிலைநிறுத்தப்பட்ட பழைய துப்பாக்கி, பின்னர் ஆபிரிக்கரின் பின்தங்கிய நிலைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. பின்தங்கியமை ஓர் இனத்தின் இயல்பன்று. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை யார் கட்டுப்படுத்துகின்றனர் என்பதன் விளைவே அது. பொறிமுறை கல்லுக்குரிய அளவையும் விளிம்பையும் தீர்மானித்தது. அதனை யார் உடைப்பது, யார் அதனோடு நின்றுவிடுவது என்பவற்றை வர்க்க, காலனித்துவ உறவுகள் தீர்மானித்தன. கைவினைகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே ஆராய்தல் அவசியமாகும்.