யாருக்குத் தெரிந்தால் தெரிந்ததாகும்?

அமெரிக்காவின் 1972ஆம் வருட ‘ஒன்பதாம் தலைப்பு’ச் சட்டத்தில் பாலியல் தொல்லை என்கிற சொல்லே கிடையாது. மத்திய அரசிடம் பணம் வாங்கும் கல்விநிலையம் பால் பாகுபாடு காட்டக்கூடாது, அவ்வளவுதான். தொல்லையும் பாகுபாடே என்று அதை வாசித்தது பின்னால் நடந்தது. 1992இல் ஜார்ஜியாவின் க்வின்னெட் வழக்கில், மாணவி நஷ்டஈடு கோரலாம் என்று உச்சநீதிமன்றம் சொன்னபோது பள்ளி மாவட்டங்களுக்கு இது காசு விவகாரமாயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது டெக்சாஸின் லேகோ விஸ்டா வழக்கு (1998). ஆசிரியர் ஒருவர் ஒன்பதாம் வகுப்பு மாணவியைப் பாலுறவில் ஈடுபடுத்தினார். அவர் வகுப்பில் பேசுகிற பேச்சு சரியில்லை என்று வேறு பெற்றோர் முன்பே தலைமையாசிரியரிடம் முறையிட்டிருந்தார்கள். ‘பார்த்துப் பேசுங்க’ என்றதோடு சரி. மேலே கண்காணிப்பாளருக்குச் செய்தி போகவில்லை. இத்தனைக்கும் இச்சட்டத்துக்குப் பொறுப்பாளரே அந்தக் கண்காணிப்பாளர்தான். தொல்லைக்கெதிரான கொள்கையோ, புகார் செய்யும் முறையோ எழுத்தில் யாருக்கும் தரப்படவுமில்லை. விதிகள் கேட்டவைதாம் இவை. தீர்ப்பு 5க்கு 4: திருத்தும் அதிகாரமுள்ளவருக்கு நேரடியாகத் தெரிந்து, அவர் வேண்டுமென்றே அலட்சியம் காட்டினாலொழிய நஷ்டஈடு இல்லை.

ஆக, புகார்ப்பெட்டி வைக்காதவன் புகாரே வரலீங்க என்று கைவிரிக்கலாம். அதிகாரம் அறிவின் வழியே இயங்குவதைப் பற்றி ஃபூக்கோவை வைத்து நிறையப் பேசியாயிற்று. இங்கே அறியாமையே நிறுவனத்தின் சொத்தாகிறது.

1999இல் மன்ரோ கவுண்டி வழக்கு. தொல்லை கொடுத்தவன் சக மாணவன். ஐந்தாம் வகுப்புச் சிறுமி இடம்மாறி உட்கார அனுமதி கிடைக்கவே மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. மாவட்டத்தின்மீது வழக்குத் தொடரலாம் என்றது அதே நீதிமன்றம், மறுபடி 5க்கு 4.

2020 விதிகள்படி பள்ளியின் எந்த ஊழியருக்குத் தெரிந்தாலும் பள்ளிக்குத் தெரிந்ததாகும். அது அரசு விசாரணைக்கு மட்டும். நஷ்டஈடு என்று போனால் 1998இன் அளவுகோல்தான்.