பட்டியில் அடைபட்ட மாடுகள்: 1871ஆம் ஆண்டுக் கால்நடை அத்துமீறல் சட்டமும் தமிழகச் சிற்றூர் வழக்கும்

முன்னுரை

கட்டறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைத் தேடிப் பிடித்து வருதல் வேளாண் சிற்றூர்களில் அன்றாட நிகழ்ச்சியாகும். நம் புறப்பொருள் இலக்கணம் பகைவரின் ஆநிரையைக் கவர்தலை வெட்சி என்றும், கவரப்பட்ட நிரையை மீட்டலைக் கரந்தை என்றும் வகுத்துரைத்தது. நிரை மீட்டு மாண்டவர்க்கு நடுகல் எடுக்கப்பட்டது. ஆனால், அயலாரின் பயிரில் இறங்கிய ஒற்றை மாட்டிற்கு இலக்கணமும் இல்லை, கல்லும் இல்லை. அதன் வரலாற்றைப் பெரிதும் சட்ட ஏடுகளில்தான் தேட வேண்டியுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட கால்நடை அத்துமீறல் சட்டம் சென்னை மாகாணத்துச் சிற்றூர்களின் பழைய வழக்கோடு எவ்வாறு முரண்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பருவம் வகுத்த எல்லை

தமிழில் 'பட்டி' என்னும் சொல் மாடு அடைக்கும் இடத்தைக் குறிக்கும். 'பட்டிமாடு' என்பதோ கட்டுக்கடங்காமல் திரியும் மாட்டைக் குறிக்கும். இலங்கைத் தமிழர் அதனைக் 'கட்டாக்காலி' என்பர். அடைபடுவதும் திரிவதும் ஒரே சொல்லின் நிழலில் நிற்பது போலவே, சிற்றூர் வழக்கிலும் அவை பருவத்தால் மட்டுமே பிரிக்கப்பட்டன. பயிர் நிற்கும் காலத்தில் மாடு வரப்பைத் தாண்டுதல் குற்றம். கதிர் அறுத்துக் களம் சேர்ந்தபின் அதே வயல் ஊர் மாடுகள் தாள் மேயும் வெளியாகிவிடும். நிலத்திற்கு உரம் சேரும்பொருட்டு நிலவுடைமையாளரே கிடை போடச் செய்து, கிடைக்காரருக்கு நெல்லோ பணமோ அளிப்பதும் உண்டு. மார்கழியில் விரட்டப்பட்ட மாடு மாசியில் விருந்தாளியாயிற்று எனலாம்.

இவ்வழக்கை மிகைப்படப் புகழ்தல் ஆகாது. நிலமும் சாதியும் வகுத்த ஏற்றத்தாழ்வுக்குள்தான் ஊர்ப் பஞ்சாயத்தும் இயங்கியது. நிலமற்றவரின் மாடு பிடிபட்டபோது தீர்ப்பு எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை உய்த்துணரலாம். எனினும், மேய்ந்த பயிருக்கு ஈடு கேட்பவரும் கொடுப்பவரும் மறுபருவத்தில் ஒருவரையொருவர் நாட வேண்டியவராகவே இருந்தனர்.

சட்டத்தின் நடைமுறை

1857ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமே இத்துறையில் முன்னோடியாகும். அதனை நீக்கி விரிவாக இயற்றப்பட்டது 1871ஆம் ஆண்டின் 1ஆம் சட்டம். இதன்படி, தம் நிலத்தில் புகுந்து சேதம் விளைவிக்கும் கால்நடையை உழவர் பிடித்து, 24 மணி நேரத்திற்குள் பட்டிக்கு அனுப்ப வேண்டும். மக்கள் வழக்கில் இது 'பவுண்டு' எனவும் 'பவுண்டி' எனவும் வழங்கியது. சென்னை மாகாணத்தில் ஊர்த் தலைவரே பதவி வழியாகச் சிற்றூர்ப் பட்டியின் காப்பாளராக்கப்பட்டார்.

அபராதம் விலங்கின் வகைக்கேற்ப அமைந்தது: யானைக்கு 2 ரூபாய், எருமைக்கு 8 அணா, பசுவுக்கும் காளைக்கும் 4 அணா, கன்றுக்கு 2 அணா, ஆட்டுக்கு 1 அணா. தீவனச் செலவு தனி. 7 நாட்களுக்குள் உரியவர் வராவிடில் காவல் நிலையத்திற்குத் தெரிவிக்கப்படும். அறிவிப்பு ஒட்டப்பட்டு, ஊரிலும் சந்தையிலும் பறையறைந்து சாற்றப்படும். அதன் பின்னரும் 7 நாட்கள் கடந்தால் மாடு ஏலத்திற்கு வரும்.

ஈடு பெறாத உழவர்

இவ்வபராதம் மேய்ந்த பயிரின் அளவைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஒரு பிடி நாற்றைத் தின்ற பசுவுக்கும் ஒரு வயலையே அழித்த பசுவுக்கும் 4 அணாதான். அத்தொகையும் பயிரிழந்தவரைச் சேரவில்லை. அவர் ஈடு பெற விரும்பினால் தனியே வழக்குத் தொடரலாம் என்று சட்டம் விட்டுவிட்டது. இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் பிடிபட்ட விலங்கு சேதத்திற்கான பிணையாகவே கருதப்பட்டது. உரியவர் ஈடு செலுத்தி அதனை மீட்டார். அவ்வுரிமை அங்கு 1971இல் நீக்கப்படும்வரை நிலவியது. இந்தியாவுக்கு வந்தபோது அடைக்கும் பட்டி வந்தது. ஈட்டின் கணக்கு உடன்வரவில்லை.

சட்டத்தின் வாசகமே அதன் குறைகளுக்குச் சான்று பகர்கிறது. பட்டிக் காப்பாளரும் காவலரும் ஏலத்தில் மாடு வாங்கக் கூடாது என்று அது தடுத்தது. அத்தகைய ஆதாய நாட்டம் எழும் என்பதை இயற்றியோர் அறிந்திருந்தனர். முறைகேடாக மாட்டைப் பிடித்தவர் மீது 10 நாட்களுக்குள் நடுவரிடம் முறையிடலாம். அதற்கான இழப்பீடு 100 ரூபாயைத் தாண்டாது. ஆனால், பிடிபட்ட மாட்டை வலிந்து மீட்டவருக்கோ 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம். அது பசுவுக்குரிய அபராதத்தைப் போல் 2000 மடங்கு. கரந்தை மறவனுக்குக் கல் நட்ட மண்ணில், தன் மாட்டைத் தானே மீட்டவர் குற்றவாளியாக நேர்ந்தது.

காட்டோரச் சிற்றூர்கள்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் இச்சிக்கல் மலையடிவாரங்களுக்கும் பரவியது. காப்புக் காடுகளாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் நுழைந்த மாடு, அத்துமீறிய மாடாகக் கருதப்பட்டுப் பட்டிக்கு ஓட்டப்பட்டது. இங்கு எல்லை கடந்தது மாடா, மாட்டின் மேய்ச்சல் வெளியைக் கடந்து வந்த எல்லைக் கல்லா என்னும் வினா எழுகிறது. அவ்வினா இன்னும் தீரவில்லை. 2022இல் தமிழக வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்த சென்னை உயர்நீதிமன்றம், பின்னர் அதனைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவில் குறுக்கியது.

முடிவுரை

வேலி மீறிய மாட்டை அடைக்க ஓர் ஏற்பாடு தேவை என்பதை மறுப்பதற்கில்லை. பயிரிழந்த உழவரின் துயரும் பொய்யன்று. ஆயின், 1871ஆம் ஆண்டுச் சட்டம் பருவத்தை அறியவில்லை. பயிரிழந்தவர்க்கு நேரடி ஈட்டையும் தரவில்லை. அயலார் இருவரிடையே நின்ற கணக்கை அது மாட்டுக்காரருக்கும் அரசுக்கும் இடையிலான கணக்காக மாற்றியது.

இச்சட்டம் நடப்பிலிருந்த காலத்தில்தான் சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் பெருந்தொகையினராய் மலாயா வந்தனர். தோட்டப்புறங்களில் லயன் வீடுகளின் பின்னே அவர்கள் மாடு வளர்த்தபோது, கிடை போட்டு நட்பைப் புதுப்பிக்க அயலாரின் வயல் அங்கு இல்லை; மாடு மிதித்த மண் முழுவதும் தோட்ட நிருவாகத்திற்கே உரியது. வெட்சியையும் கரந்தையையும் வகுப்பறையில் விளக்கும் ஆசிரியர்கள், பட்டி வாசலில் 4 அணாவுடன் காத்துநின்ற இம்மனிதர்களையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்துதல் நன்று.