உப்பு ஏன் கசிகிறது? - ஈரம் உறிஞ்சிகளின் குட்டி வரலாறு

மழைக்காலம் வந்தால் அலமாரித் துணியில் வாடை, உப்பு டப்பாவில் தண்ணீர். இதற்கு வீட்டுப் பொருட்களிலேயே வழி தேடிய கதைதான் இந்தப் பதிவு.

முதலில் உப்பு. சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். ஆனால் கல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும்! அதற்குத்தான் உப்பு டப்பாவில் நாலு அரிசி போடுகிறார்கள். அமெரிக்காவின் மார்ட்டன் கம்பெனி 1911-ல் உப்போடு மெக்னீசியம் கார்பனேட்டைக் கலந்து கட்டிபிடிக்காமல் செய்தது. 1914-ல், மழையில் குடை பிடித்தபடி உப்பைச் சிந்திக்கொண்டு போகும் சிறுமியின் படத்தை வைத்து விளம்பரம். கெமிஸ்ட்ரியே மார்க்கெட்டிங் ஆகிவிட்டது :-)

அடுத்தது சுட்ட சுண்ணாம்பு. 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரை எடுத்துக்கொண்டு நீறும். ஆனால் அப்போது கடும் சூடு கிளம்பும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

எனக்குப் பிடித்த கதை இனிமேல்தான். 1861-ல் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சால்வே, உப்பையும் சுண்ணாம்புக்கல்லையும் வைத்துச் சலவைச் சோடா தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதில் மிஞ்சும் கழிவுதான் கால்சியம் குளோரைடு. காற்றிலிருந்து தன் எடையை விட அதிகமான தண்ணீரை இழுக்கும்! காமர்ஸ் பாடத்தில் படிக்கும் 'பை-ப்ராடக்ட்'டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஓட்டை போட்ட டப்பாவில் இதைப் போட்டு, அடியில் இன்னொரு டப்பா வைத்தால், இழுத்த ஈரம் உப்புநீராகச் சொட்டும். துணியிலும் இரும்பிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல், அமெரிக்க வேதியியலாளர் வால்டர் பேட்ரிக் 1919-ல் காப்புரிமை பெற்றது. இரண்டாம் உலகப் போரில் பென்சிலினை ஈரத்திலிருந்து காப்பாற்றியதும் இதுதான். அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல், சான்றிதழ் ஃபைலுக்குள் வையுங்கள்.

கடைசியாக, நனைந்த செல்போனை அரிசியில் புதைக்கும் பழக்கம். அரிசி இழுக்கும் ஈரம் மிகக் குறைவு. உள்ளே துரு பிடிக்கத் தொடங்கும் நேரத்தில் நாம் அரிசியை நம்பிக் காத்திருக்கிறோம். அரிசித் துகள் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-ல் எச்சரித்தது. உடனே ஆஃப் செய்து, துடைத்து, காற்றோட்டத்தில் வைத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். அரிசி உப்பு டப்பாவிலேயே இருக்கட்டும்!