வீட்டுக் கணனியும் வைரசுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டிலுள்ள கணனி மந்தமடையும்போதும் அதிலுள்ள கோப்புகள் அழிந்துபோகும்போதும், அதற்குக் காரணம் அதனைக் கையாண்டவரின் கவனயீனமே என்று கூறுவது பெருவழக்காகியுள்ளது. கண்ட கண்ட தட்டுகளைச் செருகினார், முன்பின் அறியாதவர் அனுப்பிய கடிதத்தைத் திறந்தார், உரிய காலத்தில் இற்றைப்படுத்தத் தவறினார் என்றவாறு குற்றப்பட்டியல் நீண்டு செல்லும். இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. எனினும், வீட்டுக் கணனி தோன்றிய காலந்தொட்டு அதன் தூய்மையைப் பேணும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டிருந்தது, ஏன் அவ்வாறு விடப்பட்டது என்பவற்றை நோக்குவோமாயின், குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியவர் வீட்டுக்காரர் மட்டுமல்லர் என்பது புலனாகும். இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தன்னைத்தானே பிரதிசெய்து பெருகும் இயந்திரம் பற்றிய சிந்தனை வீட்டுக் கணனிக்கு மிகவும் முற்பட்டது. கணிதவியலாளரான ஜோன் வொன் நொய்மன் 1949ஆம் ஆண்டில் இலினோய்ப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகளில் இதனை ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையாக எடுத்து விளக்கினார். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1966இல், ஆதர் பேர்க்ஸ் என்பாரின் பதிப்பாக அவ்வாராய்ச்சி நூலுருப் பெற்றது. 1971இல் பொப் தோமஸ் என்பவர் ‘கிரீப்பர்’ என்னும் செய்நிரலை எழுதி, அன்றைய ஆர்ப்பாநெற் வலையமைப்பிலே கணனிக்குக் கணனி தாவச் செய்தார். அதனைத் துரத்திச் சென்று அழிப்பதற்கு ‘ரீப்பர்’ என்றொரு செய்நிரல் எழுதப்பட்டது. இதனை எழுதிய றே ரொம்லின்சனே மின்னஞ்சலையும் உருவாக்கியவர் என்பது சுவையானதொரு பொருத்தம். பிற்காலத்தில் வைரசுகளை ஊர் ஊராகச் சுமந்து சென்ற ஊர்தி மின்னஞ்சலேயல்லவா? இம்முயற்சிகள் யாவும் ஆய்வுகூடங்களுக்குள் நிகழ்ந்தவை. அங்கே கணனிக்கென நியமிக்கப்பட்ட பொறுப்பாளர்கள் இருந்தனர்.

வீட்டுக் கணனியோ வேறொரு சூழலிற் பிறந்தது. 1960களின் நடுப்பகுதியிலே தொடங்கப்பட்ட மல்ரிக்ஸ், அதனையடுத்து வந்த யுனிக்ஸ் முதலிய பணிசெயல் முறைமைகளில் ஒருவருடைய கோப்பை மற்றொருவர் அவரது அனுமதியின்றித் தொடமுடியாதபடி தடுப்புகள் இருந்தன. சாதாரண பயனாளர் முறைமையின் அடிப்படைக் கோப்புகளை மாற்றவியலாது. 1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனியாட்கணனியை வெளியிட்டபோது, அதனுடன் வந்த டொஸ் முறைமையில் இத்தகைய தடுப்பு எதுவும் இருக்கவில்லை. மலிவான இயந்திரம், சிறிய நினைவகம், ஒரேயொரு பயனாளர் என்பனவே அதன் எடுகோள்கள். அதில் அமைந்த 8088 என்னும் நுண்செயலியும் அத்தகைய பாதுகாப்புக்கு இடந்தரவில்லை. 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.ரி. கணனியின் நுண்செயலி அதற்கு இடந்தந்தபோதிலும், டொஸ் அதனைப் பயன்படுத்தவில்லை. எனவே, தடுப்பு முறைகள் அறியப்படாதிருந்தமையால் வீட்டுக் கணனி திறந்த வீடாக அமைந்தது என்று கூறுவது பொருந்தாது. அறியப்பட்டிருந்தும் அவை வீட்டுக்கு வேண்டியதில்லையென விடப்பட்டன என்பதே உண்மை.

இதனால் விளைந்த கேட்டினை ஓர் உதாரணங்கொண்டு விளக்கலாம். கணனிக்கு மின்னூட்டியதும், செருகப்பட்டிருக்கும் நெகிழ்தட்டின் முதற் பிரிவிலுள்ள கட்டளைகளை அது வாசித்து நிறைவேற்றும். அக்கட்டளைகள் யாரால் எழுதப்பட்டவை என்று அது வினவுவதில்லை. முன்னாள் மாலை எடுக்க மறந்த தட்டொன்று மறுநாட் காலை உள்ளே இருந்தாற் போதும். அது கடிதங்கள் மட்டும் பதிந்த தட்டாயினும், அதன் முதற் பிரிவில் மறைந்திருப்பது கணனியின் நினைவகத்திற் குடிபுகும். பின்னர் செருகப்படும் தட்டுகளுக்கெல்லாம் தொற்றும். 1982இல் பிற்ஸ்பேர்க் நகர்ப்புறத்தைச் சேர்ந்த பதினைந்து வயது மாணவரான றிச் ஸ்கிரென்ரா, அப்பிள் 2 கணனிக்கு எழுதிய ‘எல்க் குளோனர்’ இவ்வழியாகவே பரவியது. ஐம்பதாவது தடவை தொடக்கும்போது திரையிலே ஒரு சிறு பாட்டைக் காட்டுவது தவிர, அது பெருந்தீங்கு எதனையும் நோக்கமாகக் கொண்டிருக்கவில்லை.

அடுத்த ஆண்டிலே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவரான பிரெட் கோகன், யுனிக்ஸ் முறைமையிலேயே இத்தகைய செய்நிரலொன்றைப் பரிசோதித்துக் காட்டினார். அதற்கு ‘வைரசு’ என்னும் பெயரைச் சூட்டியவர் அவருடைய ஆசிரியரான லெனாட் ஏடில்மன். எல்லா வைரசுகளையும் பிழையின்றிக் கண்டறியவல்ல ஒரு பொதுமுறை இருக்கமுடியாது என்று கோகன் கணித அடிப்படையில் நிறுவியமை பெயரைவிட முக்கியமானது. மருந்து எப்பொழுதும் நோய்க்குப் பின்னரே வரும் என்பது அன்றே தெளிவாகியிருந்தது. தடுப்பு முறைகள் முற்றான காப்பல்ல என்பதையும் அவரது பரிசோதனை காட்டிற்று. ஆயினும், பூட்டு உடைபடக்கூடும் என்பது கதவே வைக்காமல் விடுவதற்கு நியாயமாகாது.

ஐ.பி.எம். கணனிகளிடையே பரவிய முதலாவது வைரசு எனக் கருதப்படும் ‘பிரெயின்’ 1986ஆம் ஆண்டிலே பாகிஸ்தானின் லாகூர் நகரில் தோன்றியது. அதனை எழுதியோர் பாசித் பாரூக் அல்வி, அம்ஜத் பாரூக் அல்வி என்னும் சகோதரர்கள். அவர்கள் தம் பெயர்களையும் முகவரியையும் தொலைபேசி இலக்கங்களையும் வைரசின் உள்ளேயே பதிந்து, தடுப்புமருந்துக்குத் தம்மை நாடுமாறும் அறிவித்திருந்தனர். தம் முகவரியைத் தாமே விட்டுச்சென்ற கள்வரை வரலாற்றில் எளிதிற் காணமுடியாது! ‘பிரெயின்’ 360 கிலோபைற்றுத் தட்டுகளை மட்டுமே தொற்றியது, வன்தட்டை அணுகவில்லை. தட்டின் முதற் பிரிவை எவரேனும் பரிசோதிக்க முற்பட்டால், வேறிடத்தில் மறைத்துவைத்த மூலப் பிரிவை எடுத்துக் காட்டி ஏமாற்றும் வித்தையும் அதற்குத் தெரிந்திருந்தது.

இதன் தோற்றம் பற்றிய செய்திகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. தாம் எழுதிய இதயநோய் தொடர்பான மருத்துவ மென்பொருளை அனுமதியின்றிப் பிரதிசெய்வோரைக் கண்டறியவே இதனை எழுதியதாகச் சகோதரர்கள் கூறினர். பிறருடைய மென்பொருள்களின் பிரதிகளை மலிவாக விற்றுவந்த கடையில் அந்நியருக்கு விற்ற தட்டுகளிலேயே வைரசு சேர்க்கப்பட்டதென்று 1988இல் ‘ரைம்’ சஞ்சிகை எழுதிற்று. முகவரியைப் பதிந்தமை முதலாவது கூற்றுக்கு வலுவூட்டுகின்றது. எனினும் அது இரண்டாவதை முற்றாக மறுக்கவுமில்லை. எது உண்மையாயினும் ஒன்று தெளிவு. கைக்குக் கைமாறிய பிரதிகளே அதன் பாதையாயின. 1987 ஒக்டோபரில் அது ஐக்கிய அமெரிக்காவின் டெலவெயர்ப் பல்கலைக்கழகத்திலே கண்டறியப்பட்டது. லாகூரிலிருந்து அங்கு செல்ல அதற்கு எந்த வலையமைப்பும் தேவைப்படவில்லை.

அதே ஆண்டில் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்திற் கண்டறியப்பட்ட வைரசு மற்றொரு வகையிற் கவனத்துக்குரியது. பதின்மூன்றாந் திகதி வெள்ளிக்கிழமையாக அமையும் நாளில், இயக்கப்படும் செய்நிரல்களை அது அழிக்கும். ஆனால் அந்நாள் வருமுன்னரே அது பிடிபட்டுவிட்டது. எழுதியவரின் தவறு காரணமாக ஒரே கோப்பை மீண்டும் மீண்டும் தொற்றி அதனைப் பருக்கச் செய்ததும், தொற்றி அரைமணி நேரத்தில் கணனியை மந்தமாக்கியதும் அதனைக் காட்டிக்கொடுத்தன. கணனியின் வேகக்குறைவை நோயின் அறிகுறியாகக் கொள்ளும் வழக்கத்துக்கு இத்தகைய அனுபவங்கள் அடிகோலின எனலாம். ஆயின், மந்தம் யாவும் வைரசால் விளைவதன்று. கோப்புகள் வன்தட்டில் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடப்பதும், தேவையற்ற செய்நிரல்கள் நினைவகத்தில் தங்கியிருப்பதும் அக்காலக் கணனிகளை வெகுவாகத் தாமதப்படுத்தின. இவ்விரண்டையும் பிரித்தறியும் வல்லமை வீட்டுக்காரருக்கு இருக்கவில்லை. இவ்வறியாமையின்மீதே ஒரு வணிகம் எழுந்தது.

பீற்றர் நோட்டனின் பயன்பாட்டுச் செய்நிரல்கள் 1982 முதல் விற்பனையாயின. அழிந்த கோப்பை மீட்பது அவற்றின் புகழுக்குக் காரணமாயிற்று. 1987இல் ஜோன் மக்கபி தமது வைரசுத் தடுப்பு நிறுவனத்தை ஆரம்பித்தார். அறியப்பட்ட ஒவ்வொரு வைரசின் அடையாளத்தையும் பட்டியலிட்டு, கோப்புகளில் அவ்வடையாளம் உண்டா எனத் தேடுவதே இவற்றின் அடிப்படை முறை. பட்டியல் பழையதாயின் தேடலும் பயனற்றது. ஆகவே வீட்டுக்காரர் காலத்துக்குக் காலம் பணங்கொடுத்துப் புதிய பட்டியலைப் பெறவேண்டியவரானார். முறைமையை ஆக்கியோர் இதிற் பெரிதும் தலையிடவில்லை. 1993இல் வெளிவந்த டொஸ் 6இலே மைக்ரோசொப்ட் நிறுவனம் வைரசுத் தடுப்பியொன்றையும் தட்டைச் சீர்படுத்தும் செய்நிரலையும் சேர்த்திருந்தது. ஆனால் இரண்டாண்டின் பின் வந்த விண்டோஸ் 95இலே வைரசுத் தடுப்பி இல்லை. ஏற்ற பொறுப்பு மீண்டும் இறக்கி வைக்கப்பட்டது.

அச்சமும் விலைபோகும் பண்டமாயிற்று. 1992 மார்ச் 6ஆந் திகதி ‘மைக்கலாஞ்சலோ’ வைரசு பல இலட்சம் கணனிகளை அழிக்குமென்று செய்தித்தாள்கள் அலறின. அன்று பாதிக்கப்பட்டவை சில ஆயிரங்கள் என்ற அளவிலேயே அமைந்தன. தடுப்பு மென்பொருள்களோ அமோகமாக விற்பனையாயின. இதன் இழிந்த வடிவத்தைப் பின்னர் காண்கிறோம். கணனியைத் தூய்மையாக்குவதாகவும் விரைவாக்குவதாகவும் கூறிக்கொண்டு, இல்லாத வைரசுகளை இருப்பதாகக் காட்டிப் பணம் பறித்த ‘வின்பிக்சர்’, ‘டிரைவ்கிளீனர்’ முதலிய பொய்ச் செய்நிரல்களின் விற்பனையை நிறுத்துமாறு 2008 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்றமொன்று கட்டளையிட்டது. கணனியைப் பேண விரும்பியவரே இங்கு ஏமாற்றப்பட்டார், கவனயீனரல்லர்.

இணையத்தின் வருகையுடன் நிலைமை மேலும் மோசமாயிற்று. 2000 மே மாதத்தில் பிலிப்பைன்சிலிருந்து காதற்கடிதமெனும் வேடத்தில் ஒரு புழு புறப்பட்டது. அதனைத் திறந்தோரின் சபலத்தைப் பலரும் எள்ளி நகையாடினர். ஆனால் அறியப்பட்ட கோப்புப் பெயர்களின் இறுதிப் பகுதியை விண்டோஸ் முறைமை தானாகவே மறைத்துக் காட்டியமையால், கட்டளைக் கோப்பொன்று வெறும் எழுத்துக் கோப்பாகத் தோற்றமளித்தது என்பதை அவர்கள் கருத்திற் கொள்ளவில்லை. புழுவை எழுதிய மாணவர்மீது வழக்குத் தொடரப் பிலிப்பைன்சில் அன்று பொருத்தமான சட்டம் இருக்கவில்லை. இலங்கையில் இத்துறைக்கான தனிச் சட்டம், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டமாக வந்தது.

வீட்டுக்காரரின் கவனயீனம் என்னும் வாதத்தை முற்றாகத் தகர்ப்பது 2003 ஓகஸ்டில் எழுந்த ‘பிளாஸ்டர்’ புழுவாகும். இதற்குத் தட்டும் வேண்டியதில்லை, கடிதமும் வேண்டியதில்லை. இணையத்துடன் தொடுத்தாற் போதும். கணனி அறுபது வினாடிகளை எண்ணிவிட்டுத் தானாகவே அணைந்து மீள எழும். திருத்தநிரல் ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன்னரே வெளியிடப்பட்டிருந்தது மெய்தான். ஆனால் தொலைபேசி வழியாக மெல்ல இணைந்த வீட்டிலே, கணனி மீண்டும் மீண்டும் அணையும்போது அதனை இறக்கிப் பெறுவது எங்ஙனம்? விண்டோஸ் எக்ஸ்பியில் தீச்சுவரொன்று ஏற்கெனவே இருந்தது. அது இயக்கப்படாத நிலையில் வீட்டுக்கு வந்துசேர்ந்தது என்பதே வேதனைக்குரியது. கதவு பொருத்தப்பட்டிருந்தும் தாழிடும் பொறுப்பு, கதவு இருப்பதையே அறியாதவரிடம் விடப்பட்டிருந்தது.

இதற்கு முந்திய ஆண்டிலேயே, 2002 ஜனவரியில், பாதுகாப்புக்கு முதலிடம் அளிக்கவேண்டுமென்று பில் கேற்ஸ் தம் ஊழியருக்குச் சுற்றறிக்கை விடுத்திருந்தார். அதன் பயன் வீட்டை எட்ட மேலும் காலமெடுத்தது. 2004 ஓகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாவது திருத்தத் தொகுதி தீச்சுவரைத் தானாகவே இயங்கச் செய்தது. 2007இல் விண்டோஸ் விஸ்ரா, முறைமையை மாற்றும் செயல்களுக்கு முன் பயனாளரின் சம்மதத்தைக் கேட்டது. மல்ரிக்ஸ் காலத்துத் தத்துவம் வீட்டு வாசலை அடைய நாற்பது ஆண்டுகள் சென்றன. இடையில், செருகியவுடன் தட்டிலுள்ளதைத் தானாகவே இயக்கும் வசதி விண்டோஸ் 95 முதல் நிலைத்திருந்தது. 1982இன் நெகிழ்தட்டுக் கதை 2008இன் இறுதியில் பென் டிரைவில் மீண்டும் அரங்கேறியது. ‘கொன்பிக்கர்’ அவ்வழியாகவும் பரவியது. பழைய விண்டோஸ் முறைமைகளில் அவ்வசதியை நிறுத்தும் திருத்தம் 2011 பெப்ரவரியிலேயே பரவலாக அனுப்பப்பட்டது.

2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது வைரசுத் தடுப்பி முறைமையின் உள்ளங்கமாயிற்று. டொஸ் 6இல் ஏற்று இறக்கப்பட்ட சுமையை ஆக்கியோர் பத்தொன்பது ஆண்டுகளின் பின் மீண்டும் தோளேற்றினர். இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமென்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பொறுப்புக்கு ஒரு முடிவுத் திகதி உண்டு. எக்ஸ்பிக்கு அது 2014 ஏப்பிரலில் வந்தது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் வழமையான ஆதரவு நிறுத்தப்பட்டது. வீட்டுப் பயனாளருக்கு மேலும் ஓராண்டுக் கால நீடிப்பு நிபந்தனைகளுடன் வழங்கப்பட்டது. அடுத்த பதிப்பு கோரும் பாதுகாப்புச் சில்லு இல்லாத கணனிகள், பழுதின்றி இயங்கிக்கொண்டிருந்தபோதிலும், அப்பதிப்புக்குத் தகுதியற்றவையெனத் தள்ளப்பட்டன. புதிய கணனி வாங்க வசதியற்ற வீடுகளில் அவ்வியந்திரங்களின் தூய்மை, 1986இல் இருந்ததைப் போன்று, மறுபடியும் வீட்டுக்காரரின் தலையிலேயே வந்து விழுகின்றது.