எட்டாம் வகுப்பில் இயற்கணிதம்: பாடமுடுக்கம் குறித்து ஒரு வாதம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கணிதம் ஆண்டுக்கொரு தனிப்பாடமாக நடக்கிறது. 9-ஆம் வகுப்பில் முதல் இயற்கணிதம், பிறகு வடிவியல், இரண்டாம் இயற்கணிதம், 12-இல் நுண்கணிதத்துக்கு முந்தைய பாடம் என்பது வழக்கமான வரிசை. இவ்வழியே வருபவர் பள்ளியை முடிக்கும்வரை நுண்கணிதத்தைத் தொடுவதில்லை. 12-இல் கல்லூரித் தரத்திலான ஏ.பி. நுண்கணிதம் படிக்க, இடையில் எங்கேனும் ஓராண்டை மிச்சம்பிடித்தாக வேண்டும். ஆகவேதான் முதல் இயற்கணிதத்தை 8-ஆம் வகுப்புக்கு இழுப்பதா என்பது அங்கே ஓயாத வழக்காக இருக்கிறது. மாணவர் இயற்கணிதத்தை எப்படிக் கையாளுகிறார் என்பதைக் கொண்டே இம்முடிவை எடுக்க வேண்டும் என்பது என் வாதம். வயதையும் ஆசையையும் வைத்து எடுத்த முடிவுகள் இரு திசையிலும் தவறியிருக்கின்றன.

வட கரோலினாவின் சார்லட்-மெக்லன்பர்க் கல்வி மாவட்டம் 2000-களின் தொடக்கத்தில் நடுத்தர மாணவர்களையும் 8-ஆம் வகுப்பு இயற்கணிதத்தில் சேர்த்தது. கிளாட்ஃபெல்டர், லாட், விக்டர் ஆகியோரின் ஆய்வு அதன் விளைவைக் காட்டுகிறது: இப்படி முடுக்கப்பட்டோர் இயற்கணிதத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்றனர், அடுத்து வந்த பாடங்களிலும் அவர்களுக்கு ஆதாயம் கிட்டவில்லை. சான் பிரான்சிஸ்கோ நேர்மாறாக, 2014 முதல் எவருக்கும் 9-ஆம் வகுப்புக்கு முன் இயற்கணிதம் இல்லை என்றது. இன ஏற்றத்தாழ்வைக் குறைப்பதே நோக்கம். 2023-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வின்படி ஏ.பி. கணிதச் சேர்க்கை முதலில் சரிந்தது. உயர்கணித வகுப்புகளில் இன இடைவெளியோ பெரிதாகவே நீடித்தது. 2024 மார்ச்சில் நகர வாக்காளர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேலானோர் 8-ஆம் வகுப்பு இயற்கணிதத்தை மீட்கச் சொன்னார்கள். ஒன்று பலரை ஒட்டுமொத்தமாக முன்னே தள்ளியது, மற்றொன்று எல்லோரையும் நிறுத்தியது. இரண்டிலும் தனி மாணவரின் தேர்ச்சிக்கு இடமில்லை.

முடுக்கத்தை ஆதரிப்போர் ஜூலியன் ஸ்டான்லி 1971-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நெடுங்கால ஆய்வைச் சான்றாக வைப்பார்கள். வகுப்பைத் தாண்டிச் சென்ற கணித மேதைகள், அதே திறனுடன் தாண்டாதிருந்தவர்களைவிட அறிவியல் துறைகளில் முனைவர் பட்டம் பெறும் வாய்ப்பு மிகுந்தவர்கள் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. வலுவான சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நூற்றில் ஒருவரைப் பற்றியது. அதை எடுத்து வகுப்பில் முதல் பத்துக்குள் வரும் பிள்ளைக்குப் பொருத்துவது ஆய்வின் எல்லையைக் கடந்த பேச்சு.

மேதைகளுக்கும் சராசரி மாணவர்களுக்கும் இடைப்பட்ட இவர்களிடம்தான் முடிவு உண்மையில் கடினம். நுண்கணித விடைத்தாள்களில் வழக்கமாகத் தென்படும் ஒரு பிழையைப் பாருங்கள்: கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தை இரு வர்க்கமூலங்களின் கூட்டலாகப் பிரித்துவிடுவது. 16-உம் 9-உம் சேர்ந்தால் 25, அதன் வர்க்கமூலம் 5. தனித்தனியே எடுத்துக் கூட்டினால் 7. எண்களில் எழுதும்போது எவரும் ஏமாறுவதில்லை. ஓர் எண்ணின் இடத்தில் மாறி வந்ததும் கை தானாகப் பிரித்துவிடுகிறது. வகையிடல் விதியைச் சரியாகப் போட்ட மாணவர் அடுத்த வரியில் இப்படிச் சறுக்கினால், அவருக்கு நுண்கணிதம் வரவில்லை என்று ஆசிரியர் எழுதுகிறார். வராதது இயற்கணிதம். ஆறு வாரக் கோடை வகுப்பில் ஓராண்டுப் பாடத்தை முடித்தவரின் தேர்ச்சிச் சான்றிதழில் இது தெரியாது. பின்னம், விகிதம், அடுக்கு, காரணிப்படுத்தல் ஆகியவற்றில் முன்பின் பார்த்திராத கணக்குகளைக் கொடுத்து, படிகளை விளக்கச் சொன்னால்தான் தெரியும். அமெரிக்கக் கணிதச் சங்கமும் (எம்.ஏ.ஏ.) கணித ஆசிரியர்களின் தேசிய மன்றமும் 2012-இல் கூட்டாக விடுத்த அறிக்கையும், நுண்கணிதத்தை எட்டுவதைவிட அதற்கான அடித்தளத்தையே பள்ளியின் இலக்காக வைத்தது.

கலிபோர்னியாவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்கப் பாடவரிசை மந்தமாகப் படுவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னிலேயே எல்லையும் வகையிடலும் வந்துவிடுகின்றன. ஆனால் அங்கே இயற்கணிதமும் வடிவியலும் கீழ்வகுப்புகளிலிருந்தே ஆண்டுதோறும் ஒன்றாக நடக்கின்றன. எந்த ஆண்டும் தாண்டப்படுவதில்லை. கலிபோர்னியாவில் தாண்டுபவரோ ஒரு முழுப் பாடத்தைச் சுருக்கியோ விட்டோ செல்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

கலிபோர்னியாவின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், 9-ஆம் வகுப்பில் சேர்வோரைப் பல அளவைகளால் மதிப்பிட்டு, கல்வியாண்டின் முதல் மாதத்துக்குள் மீண்டும் சரிபார்க்கச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இத்தகைய சரிபார்ப்பு மேலே ஏற்றுவதற்கு மட்டும் பயன்பட்டு, தவறாக ஏற்றப்பட்டவரை இறக்குவது அவமானமாகக் கருதப்பட்டால் பாதி வேலைதான் நடக்கும். இறங்கிவரும் வழியை மாணவரைச் சேர்க்கும் நாளிலேயே பெற்றோரிடம் பள்ளி எழுத்தில் தர வேண்டும்.

பள்ளிகள் அரிதாகக் கேட்கும் கேள்வி இன்னொன்று உண்டு: முன்னே போனவருக்கு அங்கே என்ன இருக்கிறது? 10-இல் நுண்கணிதத்தை முடித்தவருக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் படிக்க இடமும், போய்வர வாகனமும், கால அட்டவணையில் ஒத்துப்போகும் நேரமும் கிடைத்தால் முடுக்கம் பலன் தரும். அவை இல்லாத ஊரில் அவர் இரண்டாண்டு கணிதமின்றி இருந்துவிட்டுப் பல்கலைக்கழகம் போவார். அத்தகைய இடத்தில், தகுதியுள்ள மாணவருக்கும்கூட, இருக்கும் பாடத்திலேயே எண் கோட்பாடு, சேர்மானவியல் எனக் கடினமான கணக்குகளைத் தருவதையே நான் பரிந்துரைப்பேன்.