திரிப்போலி அதிரடிக் கைது (2013)

லிபியத் தலைநகர் திரிப்போலியில் அபு அனஸ் அல்-லிபி என்பவரை அமெரிக்க ராணுவத்தின் டெல்டா படையினர் பிடித்துச் சென்ற நடவடிக்கை. 2013 அக்டோபர் 5 அன்று அதிகாலை இது நடந்தது.

இதன் வேர் நைரோபியில் உள்ளது. 1998 ஆகஸ்ட் 7 காலை, நைரோபியிலும் தார் எஸ் சலாமிலும் இருந்த அமெரிக்கத் தூதரகங்களின் அருகே வெடிகுண்டு லாரிகள் வெடித்தன. இறந்தோர் 224 பேர்; அமெரிக்கர் 12 பேர் மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோர் வேலைநாள் காலையில் நகரின் நடுவே இருந்த எளிய கென்யர்கள். இவ்வழக்கைப் பேசும்போது முதலில் நினைக்க வேண்டியவர்கள் இவர்களே.

தாக்குதலுக்குப் பல ஆண்டுகள் முன்பே நைரோபித் தூதரகத்தை வேவு பார்த்துப் படமெடுத்தார் என்று அல்-லிபி மீது 2000இல் நியூயார்க்கில் குற்றம் சாட்டப்பட்டது. அரசியல் தஞ்சம் பெற்று அவர் வாழ்ந்த மான்செஸ்டர் நகரில், அவ்வாண்டு போலீஸ் சோதனையிட்டபோது ஆளில்லை. அரபு மொழியில் எழுதப்பட்ட பயங்கரவாதப் பயிற்சிக் கையேடு ஒன்றே சிக்கியது. அவர் தலைக்கு 50 லட்சம் டாலர் வரை பரிசு அறிவிக்கப்பட்டது. கடாஃபி ஆட்சி சரிந்த பின் அவர் திரிப்போலியில் குடும்பத்தோடு வெளிப்படையாகவே வாழ்ந்தார்.

கைதான அன்று விடியற்காலைத் தொழுகை முடிந்து காரில் வீடு திரும்பியவரை, ஆயுதமேந்திய சிலர் வாகனங்களில் வந்து வழிமறித்தனர். கண்ணாடியை உடைத்து வெளியே இழுத்ததாகக் குடும்பத்தார் கூறினர். துப்பாக்கிச்சூடு நிகழவில்லை. அதே நாளில் சோமாலியாவின் பராவே ஊரில் இன்னொருவரைத் தேடிச் சென்ற கடற்படைச் சீல் வீரர்கள், அங்கிருந்தோர் எதிர்த்துச் சுட்டதால் வெறுங்கையோடு திரும்பினர்.

நடவடிக்கையைவிட அதன் பின்விளைவுகளே கடினமானவை. அல்-லிபி மத்தியதரைக் கடலில் நின்ற 'சான் அன்டோனியோ' கப்பலில் வைத்து, வழக்கறிஞர் இல்லாமல் விசாரிக்கப்பட்டார். உடல்நலம் குன்றியதால் சில நாட்களிலேயே நியூயார்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அக்டோபர் 15 அன்று குற்றத்தை மறுத்தார். ஒருவரை அயல்நாட்டிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவந்தாலும் வழக்கு செல்லும் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1886 முதல் பின்பற்றிவரும் நெறி. அதனால் கைதான விதம் வழக்கைத் தடுக்கவில்லை. ஆனால் லிபிய அரசு இதை ஆள்கடத்தல் என்றது. ஐந்தே நாட்களில் பிரதமர் அலி ஸெய்தானையே ஆயுதக் குழுவினர் சில மணிநேரம் கடத்தினர். தன் மண்ணில் தன் சட்டத்தை நடத்த முடியாத அரசு அது.

கல்லீரல் நோய் முற்றி, 2015 ஜனவரி 2 அன்று அல்-லிபி நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். விசாரணை தொடங்கப் பத்து நாட்களே இருந்தன. உடன் குற்றம் சாட்டப்பட்ட காலித் அல்-ஃபவ்வாஸ் அவ்வாண்டு பிப்ரவரியில் குற்றவாளியென முடிவாகி, ஆயுள் தண்டனை பெற்றார்.